முதல் வாரம் கடைசி பெஞ்சில் உட்காருங்கள்

கம்போடியக் கிராமப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்கத் தன்னார்வலர்களாகக் கிளம்பும் தம்பி தங்கைகளுக்கு,



புறப்படும் முன் என்னைப் பார்க்க வந்தவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்டீர்கள். சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா? கொசுவலை எடுத்துப் போகவா? கெமர் மொழி தெரியாமல் சமாளிக்க முடியுமா? சோறு மூன்று வேளையும் கிடைக்கும். கொசுவலை கட்டாயம் வேண்டும். மொழி ஆறு மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபடும். நீங்கள் யாருமே கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரே வகுப்பில் இரண்டு ஆசிரியர்கள் இருக்கும்போது நான் எங்கே நிற்பது?

தாக்கேவ் மாகாணத்தில், வயல்களுக்கு நடுவே இருக்கும் ஓர் அரசுப் பள்ளியில் நான் இரண்டு ஆண்டுகள் இருந்தேன். முதல் மாதம் இந்தக் கேள்விக்குத் தவறான விடையோடு கழிந்தது. உங்கள் மாணவர்களுக்கு அந்த ஒரு மாதம் வீணாகக் கூடாது என்றுதான் இந்த மடலை எழுதுகிறேன்.

என் காலைப் பொழுதிலிருந்து தொடங்குகிறேன்.

ஐந்து மணிக்கே வீடு விழித்துவிடும். அங்குள்ள பெரும்பாலான கிராம வீடுகளைப் போல நான் தங்கிய வீடும் தூண்களின் மேல் நின்றது. கீழே மாடு, தறி, தூளி, மேலே நாங்கள். பாட்டியை அங்கே 'யீய்' என்று அழைப்பார்கள். வீட்டு யீய் அரிசிக் கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றி, தொட்டுக்கொள்ளக் கருவாடு வைப்பார். சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினால் இருபுறமும் நெல் வயல், வரப்பெல்லாம் பனை. கம்போடியாவின் தேசிய மரம் பனை. தமிழ்நாட்டின் மாநில மரமும் அதுவே. மழை ஓய்ந்த மாதங்களில், பதநீர் நிறைந்த மூங்கில் குழாய்களைச் சுமந்துகொண்டு மரமேறிகள் எதிரே வருவார்கள். நமக்கு ஊர் நினைப்பு வந்துவிடும்.

ஆறேகால் மணிக்குப் பள்ளி வாசலில் உள்ள காப்பிக் கடை. என்னோடு வகுப்பெடுக்கும் ஆசிரியை அங்கே எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருப்பார். டின் பால் ஊற்றிய ஐஸ் காப்பி இரண்டு, நடுவில் ஒரு நோட்டு. அன்றைய பாடத்தை இருவரும் பிரித்துக்கொள்வோம். யார் தொடங்குவது, யார் கரும்பலகையில் எழுதுவது, யார் பெஞ்சுகளுக்கு இடையே நடப்பது, எந்தச் சொல்லைக் கெமரில் விளக்குவது, எதை விளக்காமல் பிள்ளைகளையே கண்டுபிடிக்க விடுவது. இந்த அரை மணி நேரம்தான் உங்கள் வேலை. ஏழு மணிக்குப் பிறகு வகுப்பில் நடப்பதெல்லாம் இங்கே விதைத்ததன் விளைச்சல். காப்பிக் கடைக்கு நேரத்துக்குப் போகாத தன்னார்வலரை நான் பார்த்திருக்கிறேன். அவர் வகுப்பில் பாட்டு இருந்தது, விளையாட்டு இருந்தது, சிரிப்பும் இருந்தது. ஆனால் கூட நின்ற ஆசிரியர் ஜன்னலோரம் கைகட்டி நின்றுகொண்டிருந்தார்.

ஏழு மணிக்குச் சற்று முன் கொடியேற்றம். வெள்ளைச் சட்டையும் கருநீலப் பாவாடையுமாக, கால்சட்டையுமாகப் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். பிறகு வகுப்பு. பதினொரு மணிக்கு இவர்கள் வீட்டுக்குப் போக, பிற்பகலில் அதே பெஞ்சுகளில் வேறு பிள்ளைகள் வந்து உட்காருவார்கள். கட்டடம் குறைவு, பிள்ளைகள் அதிகம் என்பதால் நாட்டில் பல பள்ளிகளில் இப்படி இரண்டு வேளை முறைதான். எட்டாம் வகுப்பில் எங்களுக்கு ஐம்பது பேர். உள்ளே நுழைந்ததும் ஐம்பது பேரும் எழுந்து, இரு கை கூப்பி, ஒரே குரலில் வணக்கம் சொல்வார்கள். ஆசிரியையை 'நெயாக் க்ரூ' என்பார்கள். ஆணாக இருந்தால் 'லோக் க்ரூ'. அந்தக் 'க்ரூ' நம் குருவேதான். பள்ளிக்கு 'சாலா' என்று பெயர். பாடசாலையில் இருக்கும் அதே சாலை.

என் தவறு மூன்றாவது வாரத்தில் நடந்தது. ஆசிரியை கரும்பலகையில் 'ஷி ஹேவ் டூ பிரதர்' என்று எழுதினார். நான் பின்னாலிருந்து நடந்து வந்து, அவர் கையிலிருந்த சாக்பீஸை வாங்கி, 'ஹேஸ்' என்று மாற்றி, 'பிரதர்' பக்கத்தில் ஓர் 'எஸ்' சேர்த்தேன். பிள்ளைகளைப் பார்த்துப் புன்னகையும் செய்தேன். நல்லது செய்துவிட்டதாகவே அப்போது நினைத்தேன். வகுப்பு அப்படியே அமைதியாகிவிட்டது. கெமரிலும் முகத்துக்கு 'முக்' என்றுதான் பெயர். ஐம்பது பிள்ளைகள் முன்னால் அவர் முகத்தை நான் பறித்துவிட்டேன்.

மறுநாள் காப்பிக் கடையில் அவர் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. வகுப்பில் என்னிடம் மரியாதையாக, "நீங்களே நடத்துங்கள்" என்று சொல்லிவிட்டு ஓரமாக நின்றார். நான்கு நாள் தனியாக நடத்தினேன். அந்த நான்கு நாளில் ஒரு பிள்ளைகூட ஒரு சந்தேகமும் கேட்கவில்லை. கேட்பதற்கு அவர்களுக்கு ஆங்கிலம் போதாது. பதில் சொல்வதற்கு எனக்குக் கெமர் போதாது. ஐந்தாம் நாள் அவர் வீட்டுக்குப் போய், "ஸோம் தோஹ்" என்றேன். மன்னிப்புக் கேட்கும் சொல் அது. எழுத்தில் அதன் கடைசியில் 'ஸ்' இருக்கிறது; நம் தோஷம்தான் அது. ஆனால் கெமரில் சொல்லின் கடைசியில் வரும் 'ஸ்' வாயில் 'ஹ்' ஆகிவிடும். மாணவர் என்பதற்கு 'சிஸ்ஸ' என்று எழுதி 'ஸெஹ்' என்பார்கள். அதுவும் நம் சிஷ்யன்.

இந்த ஒலியைப் பற்றி அன்று அவரே சொன்ன பிறகுதான் எனக்குக் கண் திறந்தது. பிள்ளைகள் 'ரைஸ்' என்பதை 'ரை' என்று சொல்வதும், 'ஹவுஸ்' என்பதை 'ஹவு' என்று நிறுத்துவதும் சோம்பல் இல்லை. கடைசி 'ஸ்' அவர்கள் வாய்க்குப் பழக்கமில்லாதது. அதோடு, கெமரில் பன்மைக்கு விகுதி கிடையாது; ஒரு அண்ணன், இரண்டு அண்ணன், அவ்வளவுதான். வினைச்சொல் ஆளுக்கும் காலத்துக்கும் ஏற்ப மாறுவதும் இல்லை. ஆக, ஆங்கிலத்தில் அந்த ஒற்றை 'எஸ்' எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் இலக்கணமும் நாக்கும் சேர்ந்து எதிர்க்கும். இரண்டு பக்கமும் கதவு சாத்தியிருக்கும் வீட்டுக்குள் ஓர் எழுத்தை நுழைக்கப் பார்க்கிறோம். நான் அதைச் சிவப்பு மையில் நூறு முறை திருத்தியிருக்கிறேன். ஏன் விடுகிறார்கள் என்று ஒருமுறைகூட யோசித்ததில்லை.

அவர் யோசித்திருந்தார், ஏனென்றால் அதே கதவைத் தள்ளித் திறந்து வந்தவர் அவர்.

அவர் எந்த வழியாக வந்தார் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1975 ஏப்ரல் முதல் 1979 ஜனவரி வரை கெமர் ரூஜ் ஆட்சியில் நாட்டின் பள்ளிகள் மூடப்பட்டன. புனோம் பென்னில் டூல் ஸ்லெங் என்ற இடத்திலிருந்த ஓர் உயர்நிலைப் பள்ளி சித்திரவதைச் சிறையானது. படித்தவர்கள் என்பதற்காகவே எண்ணற்ற ஆசிரியர்கள் கொல்லப்பட்டார்கள். பட்டினியிலும் நோயிலும் செத்தவர்கள் வேறு. பள்ளிகள் மீண்டும் திறந்தபின், 1980களில் அங்கே கற்பிக்கப்பட்ட அந்நிய மொழிகள் வியட்நாமியமும் ரஷ்ய மொழியும்தான். ஆங்கிலம் படிக்க விரும்பியவர்கள் மறைவாகப் படித்தார்கள். என் ஆசிரியையின் அப்பா அப்படிப் படித்தவர். விளக்கைத் தணித்து வைத்துக்கொண்டு, அட்டை இல்லாத ஒரு புத்தகத்தை நான்கு பேர் மாற்றி மாற்றிப் படித்ததாகச் சொன்னார். 1992இல் ஐக்கிய நாடுகள் சபையின் இடைக்கால நிர்வாகம் வந்தது. 1999இல் நாடு ஆசியான் அமைப்பில் சேர்ந்தது. ஆங்கிலம் வேலைக்கும் வெளியுலகுக்கும் வழியானது. மகள் அப்பாவிடம் கேட்டுக் கற்றார். பிறகு பயிற்சிக் கல்லூரியில் கற்றார். அந்த ஆங்கிலத்தில்தான் கரும்பலகையில் ஓர் 'எஸ்' விட்டுப்போயிருந்தது. நான் விசா வாங்கி விமானத்தில் வந்து மூன்று வாரத்தில் அதைத் திருத்தினேன்.

அன்று அவர் வீட்டு வாசலில் ஒரு உடன்பாடு செய்துகொண்டோம். அவர் எழுதுவதிலோ பேசுவதிலோ எனக்கு ஏதாவது படட்டும். வகுப்பில் வாய் திறக்க மாட்டேன். நோட்டில் குறித்து வைத்து, மறுநாள் காப்பிக் கடையில் காட்டுவேன். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்வது அவர் பொறுப்பு. என் கெமரில் உள்ள பிழைகளை அவரும் அதே நோட்டின் மறுபக்கத்தில் குறிப்பார். ஆண்டு முடியும்போது அவர் பக்கத்தைவிட என் பக்கம் மூன்று மடங்கு நீளமாக இருந்தது.

அடுத்த வாரம் மறுபடியும் 'எஸ்' பாடம் வந்தது. நான் ஊரிலிருந்து கொண்டுபோன வண்ண அட்டைகளை எடுத்தேன். அவற்றில் ஒரு சிறுவன் பனியில் சறுக்குகிறான், ஒரு சிறுமி பியானோ வாசிக்கிறாள். அவர் அட்டைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு மெதுவாக மேசையில் வைத்தார். "இவர்கள் அப்பாக்கள் பனை ஏறுகிறவர்கள்" என்றார்.

அன்று வகுப்பை அவர்தான் நடத்தினார். "உன் அப்பா காலையில் என்ன செய்வார்?" என்று கெமரில் கேட்டார். பதில்கள் குவிந்தன. மூங்கில் ஏணி கட்டுவார், மரம் ஏறுவார், பாளை சீவுவார், பதநீர் இறக்குவார். அம்மா அடுப்பு மூட்டுவார், பதநீரைக் காய்ச்சுவார், கிண்டுவார், வெல்லம் ஆக்குவார். ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலச் சொல்லைப் பலகையில் எழுதினார். பிறகு ஒரு விதி போட்டார்: அப்பா ஒருவர் என்றால் சொல்லின் கடைசியில் விரலைச் சொடுக்க வேண்டும். அப்பாக்கள் பலர் என்றால் சொடுக்கக் கூடாது. 'மை ஃபாதர் க்ளைம்ஸ்', சொடக்கு. 'தே க்ளைம்', சொடக்கு இல்லை. ஐம்பது பேர் சொடுக்கும் சத்தத்தில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார். நான் பெஞ்சுகளுக்கு இடையே நடந்து, யார் நாக்கு இன்னும் 'ஹ்' என்று நழுவுகிறதோ அவர்கள் பக்கத்தில் குனிந்து, பல்லிடுக்கில் காற்று சீறும் இடத்தை மட்டும் காட்டிக்கொண்டிருந்தேன். அந்த நாற்பது நிமிடத்தில் என் உச்சரிப்பு பயன்பட்டது. ஆனால் எது கடினம், ஏன் கடினம், எந்த வழியில் போனால் பிள்ளை வரும் என்ற மூன்றும் அவருக்குத்தான் தெரியும்.

தம்பி தங்கைகளே, நான் சொல்ல வந்தது இதுதான். வகுப்பில் முக்கியமான ஆங்கிலம் உங்களுடையது இல்லை, அவருடையது. உங்கள் ஆங்கிலத்தைக் கேட்டு அந்தப் பிள்ளைகள் வியப்பார்கள். வியப்பு நல்லதுதான், ஆனால் அது அவர்களை நகர்த்தாது. தங்களைப் போலவே சேற்றில் நடந்து பள்ளிக்கு வந்து, தங்களைப் போலவே 'ரை' என்று சொல்லி, பிறகு 'ரைஸ்' என்று சொல்லக் கற்ற ஒருவரைப் பார்க்கும்போதுதான், "நமக்கும் வரும்" என்று ஒரு பிள்ளை நம்பும். அந்த நம்பிக்கையை உங்களால் கொடுக்க முடியாது. அதைக் கொடுக்கிறவரைச் சிறுமைப்படுத்தாமல் இருக்க முடியும்.

நமக்கு இது புரியாத விஷயமா? நாமும் இரண்டாம் மொழியாகத்தான் ஆங்கிலம் கற்றோம். 'வீடு பெரிது' என்று சொல்லிப் பழகிய நாவுக்கு, நடுவில் எதற்கு ஓர் 'இஸ்' என்று விளங்காமல் 'மை ஹவுஸ் பிக்' என்று எழுதி அடி வாங்கியவர்கள் நம்மிலும் உண்டு. கெமரிலும் 'வீடு பெரிது' என்பதில் நடுவே எதுவும் வராது. அந்தப் பிழையைப் பார்த்ததும் உங்களுக்குக் காரணம் தெரியும். உங்களிடம் இருக்கும் பெரிய மூலதனம் இதுதான். காப்பிக் கடை நோட்டில் அதைப் பகிர்ந்துகொள்ளுங்கள்.

வகுப்பில் கெமரே கூடாது என்று சொல்லிக்கொண்டு போகாதீர்கள். நான் அப்படித்தான் போனேன். முடிந்துபோன செயலைப் புரியவைக்கப் பத்து நிமிடம் கையைக் காலை ஆட்டி நடித்தேன். ஆசிரியை 'ஹௌய்' என்று ஒரே சொல் சொன்னார். நம் 'ஆச்சு' மாதிரியான சொல் அது. ஐம்பது தலைகளும் ஒன்றாக அசைந்தன. மிச்சப்பட்ட ஒன்பது நிமிடத்தில் பிள்ளைகள் ஆங்கிலம் பேசினார்கள்.

வகுப்புக்கு வெளியிலும் கவனம் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. அங்கே ஆசிரியர் சம்பளம் நெடுங்காலம் மிகக் குறைவாக இருந்ததால், பள்ளி நேரத்துக்குப் பின் கட்டணம் வாங்கிப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் வேரூன்றியிருக்கிறது. 'ரியென் குவோர்' என்பார்கள்; நம் ட்யூஷன்தான். அது சரியா தவறா என்ற விவாதம் அந்த நாட்டிலேயே நடக்கிறது, அதை முடித்துவைக்க நாம் போகவில்லை. ஆனால் நல்லெண்ணத்தில் நீங்கள் மாலை ஆறு மணிக்கு இலவச ஆங்கில வகுப்பு தொடங்கினால், அதே ஆறு மணிக்குப் பக்கத்துத் தெருவில் ஓர் ஆசிரியையின் வீட்டு அடுப்பு அணையலாம். ஊர்ப் பெரியவர் ஒருவர் என்னிடமும் அப்படியொரு வகுப்புக் கேட்டார். சரி சொல்லும் முன் ஆசிரியையிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் காப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தார். அதுவே பதில். பிள்ளைகளுக்குப் பதிலாக, ஞாயிறு காலையில் சுற்றுவட்டார ஆசிரியர்களுக்கு ஒரு பேச்சுப் பயிற்சி வைத்தோம். எட்டுப் பேர் வந்தார்கள். அந்த எட்டுப் பேருக்கும் பின்னால் எத்தனை வகுப்பறைகள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று. கெமர் எழுத்து பல்லவ எழுத்திலிருந்து கிளைத்தது. ஆண்டு குறித்த கெமர்க் கல்வெட்டுகளில் மிகப் பழையது கி.பி. 611ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கிடைத்த இடம் அங்கோர் போரெய், நான் இருந்த அதே தாக்கேவ் மாகாணம். இதைக் கேட்டதும் நமக்கு நெஞ்சு நிமிரும். நிமிரட்டும். ஆனால் ஒரு விடுமுறை நாளில் அங்கோர் போரெய் போய் நின்றபோது எனக்கு வேறொன்று தோன்றியது. அந்த எழுத்தைக் கொண்டுவந்தவர்களின் பெயர் யாருக்கும் நினைவில்லை. தங்கள் மொழியின் ஒலிகளுக்கேற்ப அதை வளைத்து, புதிய உயிரொலிகளுக்கு இடம் ஒதுக்கி, 1400 ஆண்டு தங்கள் கையாலேயே எழுதிவந்தவர்கள் கெமர் மக்கள். அதனால்தான் அது கெமர் எழுத்து. ஆங்கிலமும் அங்கே அப்படித்தான் நிலைக்கும். கொண்டுபோகிறவர் வாயில் இல்லை. வாங்கி வளைத்துத் தனதாக்கிக்கொள்ளும் அந்த ஆசிரியையின் வாயில்.

ஆகவே உங்களிடம் நான் வேண்டுவது இவ்வளவுதான். முதல் வாரம் முழுக்கக் கடைசி பெஞ்சில் உட்காருங்கள். பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள், ஆசிரியர் அவர்களை எப்படித் தூக்கிவிடுகிறார் என்று பாருங்கள். காப்பிக் கடைக்கு அவருக்கு முன்னால் போய்விடுங்கள். சாக்பீஸ் அவர் கையில் இருக்கட்டும். அவர் நீட்டினால் மட்டும் வாங்குங்கள். பிள்ளை உங்களிடம் கேள்வி கேட்டால், தெரிந்திருந்தாலும், "நெயாக் க்ரூ என்ன சொல்கிறார் என்று கேட்போமா?" என்று அவர் பக்கம் திரும்புங்கள்.

என் கடைசி மாதத்தில், ஆசிரியப் பயிற்சியில் இருந்த ஓர் இளம்பெண் எங்கள் வகுப்பைப் பார்வையிட வந்தார். நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். அவர் வந்து என் அருகில் உட்கார்ந்தார். ஆசிரியை பாடம் நடத்தினார், பிள்ளைகள் சொடுக்கினார்கள், அந்தப் பெண் வேகவேகமாகக் குறிப்பெடுத்தார். மணி அடித்ததும் ஓடிப்போய் ஆசிரியையிடம் சந்தேகம் கேட்டார். திரும்பி வந்து தன் பையை எடுக்கும்போதுதான் என்னைக் கவனித்தார். "அக்கா, நீங்களும் வகுப்பைப் பார்க்க வந்தீர்களா?" என்று கெமரில் கேட்டார்.

ஆமாம் என்றேன்.

அன்புடன்,
உங்களுக்கு முன்னால் போய்வந்த அக்கா